ஓராண்டில் ஒரு பொருள்

நுழையும்முன்

நீர்க்குவளையின் பிடி, மருந்துக் குப்பியின் மூடி, பேருந்தில் நிற்பவர் பற்றிக்கொள்ளும் கம்பி என நாம் அன்றாடம் கையாளும் பொருள்கள் யாவும் எவரோ எண்ணிப் பார்த்து உருவாக்கியவை. பெருமளவில் உற்பத்தியாகும் இத்தகைய பொருள்களை ஆக்கும் அறிவுத்துறை தொழிலக வடிவமைப்பு எனப்படுகிறது. இத்துறை பயிலும் மாணவர், பட்டம் பெறுவதற்கு முன்பு, தனியொருவராக நின்று ஒரு பொருளைக் கருவிலிருந்து முன்மாதிரி வரை கொண்டு வந்து காட்ட வேண்டும். அவ்விறுதியாண்டுத் திட்டப்பணி எவ்வாறு தொடங்குகிறது, எங்கே தடுமாறுகிறது, எவ்வாறு நிறைவடைகிறது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

செம்பு சொன்ன செய்தி

விடுதலை பெற்ற இந்தியா தன் தொழில்களுக்கு ஏற்ற வடிவமைப்புக் கல்வியை நாடியபோது, அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையரை அழைத்தது. நாட்டைச் சுற்றிப் பார்த்த அவர்கள் 1958ஆம் ஆண்டு அரசிடம் ஓர் அறிக்கை அளித்தனர். அதன் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. இந்தியாவில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களுள் தலைசிறந்ததாக அவ்வறிக்கையில் அவர்கள் குறிப்பிட்டது மாளிகையையோ சிற்பத்தையோ அன்று. வடபுலத்தார் லோட்டா என்றும் நாம் செம்பு என்றும் வழங்கும் எளிய நீர்க்கலத்தை.

ஒரு செம்பைப் புதிதாக வடிவமைக்க வேண்டுமாயின் எவற்றையெல்லாம் எண்ண வேண்டும் என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? தலையில் சுமப்பதா, இடுப்பில் வைப்பதா, கையில் எடுப்பதா? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாயிருக்கும்போதும் எடைமையம் எங்கே நிற்கும்? ஊற்றும்போது நீர் எவ்வாறு ஒழுகும்? உட்புறத்தைக் கைவிட்டுத் துலக்க முடியுமா? விலை என்ன? பழையதாகிவிட்டால் அந்த உலோகத்திற்கு என்ன மதிப்புக் கிடைக்கும்? இத்தனை வினாக்களுக்கும் விடையாக நிற்கும் அக்கலத்தைத் தனியொருவர் வடிவமைக்கவில்லை. பல தலைமுறைகளைச் சேர்ந்த எண்ணற்றோர் சிறிது சிறிதாகத் திருத்தித் திருத்தி அமைத்தனர் என்பதே அவர்கள் கண்ட உண்மை.

இறுதியாண்டு மாணவரின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அவருக்குத் தலைமுறைகள் இல்லை, ஓராண்டே உண்டு. பலர் இல்லை, அவர் ஒருவரே. செம்பு எதிர்கொண்ட அதே வகையான வினாக்களை அவர் தாமே எழுப்பி, தாமே விடை கண்டு, தேர்வாளர் முன் தாமே விளக்கியாக வேண்டும். முந்தைய ஆண்டுகளில் குழுவாகப் பணி செய்தவர்களுக்கு இந்த மாற்றம் எளிதன்று. குழுவில் ஒருவர் வரைவார், ஒருவர் கணக்கிடுவார், ஒருவர் செய்து முடிப்பார். தனிப்பணியில் கைவராத வேலையையும் கற்றுக்கொண்டு செய்ய நேரும். எடுத்த முடிவு தவறானால் பகிர்ந்துகொள்ள ஆள் இருக்காது.

பொருளா, வினாவா?

திட்டப்பணியைத் தொடங்கும் மாணவர் பலர் பொருளின் பெயரைச் சொல்லியே தொடங்குகின்றனர். "நான் ஒரு நாற்காலி வடிவமைக்கப் போகிறேன்" என்பது அத்தகைய தொடக்கம். நாற்காலி என்று சொன்னவுடனேயே விடை பாதி முடிவாகிவிடுகிறது. நான்கு கால்களும் ஓர் இருக்கையும் மனத்தில் வந்து அமர்ந்துகொள்கின்றன. அதே மாணவர், "முழங்கால் வலியுள்ள முதியவர் ஒருவர் தாழ்வான இருக்கையிலிருந்து பிறர் துணையின்றி எழுவது எப்படி?" என்று கேட்டிருப்பாரானால் அவர் முன் பல வழிகள் திறந்திருக்கும். விடை நாற்காலியாக இருக்கலாம். சுவரில் பொருத்தும் கைப்பிடியாக இருக்கலாம். இருக்கையின் அடியில் வைக்கும் ஒரு மரக்கட்டையாகவும் இருக்கலாம். வினாவைச் சரியாக அமைத்துக்கொள்ளப் பல வாரங்கள் செலவாவது உண்டு. அந்த வாரங்களில் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் உருவாவதில்லை. ஆதலால் மாணவருக்கு அச்சமும் பெற்றோருக்கு ஐயமும் தோன்றுவது இயல்பு.

சரியான வினா பெரும்பாலும் மிக அருகிலேயே கிடக்கிறது. நியூயார்க்கில் காட்சிக் கலைப் பள்ளியில் முதுநிலை பயின்ற டெபோரா ஆட்லர் என்பவரின் பாட்டி, தம் கணவருக்கு உரிய மருந்தைத் தவறுதலாக உட்கொண்டுவிட்டார். பாட்டி கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பேத்தியோ மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தார். அமெரிக்க மருந்தகங்கள் மாத்திரைகளை இட்டுத் தரும் அக்குப்பிகள் பழுப்பு நிறமுடையவை, உருளை வடிவானவை. குப்பியின் உடல் வளைந்திருந்ததால் அதன்மேல் ஒட்டிய சீட்டை முழுவதும் படிக்கக் குப்பியைச் சுழற்ற வேண்டியிருந்தது. மருந்தின் பெயரைவிட மருந்தகத்தின் பெயரே எடுப்பாக அச்சிடப்பட்டிருந்தது. ஒரே வீட்டில் இருவரின் குப்பிகள் அருகருகே இருந்தால் எது எவருடையது என்பது ஒரு பார்வையில் விளங்கவில்லை. தவறு பாட்டியிடம் இல்லை, குப்பியிடம் இருந்தது.

இதனையே தம் ஆய்வேட்டுத் திட்டமாக எடுத்துக்கொண்ட ஆட்லர், மருந்தின் பெயரும் உட்கொள்ளும் முறையும் முதலில் கண்ணில் படுமாறு சீட்டை மாற்றி அமைத்தார். குப்பிக்குத் தட்டையான முகம் வேண்டும் என்றார். டார்கெட் என்னும் அமெரிக்க வணிக நிறுவனம் அக்கருத்தை ஏற்றது. தொழிலக வடிவமைப்பாளர் ஒருவரின் துணையோடு அது மேலும் செப்பம் பெற்று, 2005ஆம் ஆண்டு 'கிளியர்ஆர்எக்ஸ்' என்னும் பெயரில் அந்நிறுவனத்தின் மருந்தகங்களில் நடைமுறைக்கு வந்தது. மூடி அடியில் அமைய, தட்டையான முகப்பில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணம் என்று குப்பியின் கழுத்தில் வண்ண வளையம் இடப்பட்டது. எழுத்தறியாச் சிறுவனும் தன் தாத்தாவின் குப்பியை நிறத்தால் இனங்கண்டு எடுத்துத் தரலாம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதனைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

மீன்தோலும் செம்பாசியும்

தனியொருவரின் ஓராண்டுப் பணி எத்தகையது என்பதை உணர்த்த ஏற்ற சான்று இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறது. அங்குள்ள சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருள் வடிவமைப்பில் இளநிலைப் பட்டம் பயின்ற லூசி ஹியூஸ் என்பவர், தம் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக 'மரினாடெக்ஸ்' என்னும் புதிய படலத்தை உருவாக்கினார். 2019ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு ஜேம்ஸ் டைசன் விருது அதற்குக் கிடைத்தது.

அவர் எழுப்பிய வினா எளியது. ஒரு ரொட்டித் துண்டைச் சுற்றி வரும் நெகிழி உறை சில மணி நேரமே பயன்படுகிறது. ஆனால் எறியப்பட்டபின் மண்ணிலும் கடலிலும் அது பல்லாண்டுகள் அழியாமல் கிடக்கிறது. சில மணி நேரப் பயனுக்கு ஏன் இத்துணை நெடிய ஆயுள்? பொருளின் ஆயுள் அதன் பயன்பாட்டுக் காலத்தோடு பொருந்தி வர வேண்டாவா? இவ்வினாவோடு மற்றொன்றையும் அவர் இணைத்துக்கொண்டார். புதிய பொருளை ஆக்கப் புதிய வளங்களைத் தேடுவதற்கு மாறாக, ஏற்கெனவே கழிவென்று ஒதுக்கப்படுவதிலிருந்து தொடங்க முடியுமா என்பதே அது.

கடலோரப் பகுதியில் பயின்ற அவருக்கு மீன் பதப்படுத்தும் தொழிற்கூடம் எட்டும் தொலைவிலேயே இருந்தது. அங்கே சென்று எவையெவை கழிக்கப்படுகின்றன என்று நேரில் கண்டார். மீன்தோல், செதில் ஆகியவை குவியலாகக் கிடந்தன. அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. மீன்தோல் மெல்லியது, வளைந்து கொடுப்பது, ஆயினும் எளிதில் கிழியாதது. உறைக்கு வேண்டிய பண்புகள் இவைதாமே! நூலகத்தில் அமர்ந்து படித்திருந்தால் மீன்தோலின் வேதியியல் விளங்கியிருக்கக்கூடும். அதன் இழுவையை விரல்தான் சொல்ல முடியும். வடிவமைப்பு மாணவர் களத்திற்குச் செல்ல வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கண்டறிந்த பண்பு பொருளாகிவிடாது. தோலையும் செதிலையும் ஒன்றாகப் பிணைத்துப் படலமாக்க ஒரு பிணைப்பான் தேவைப்பட்டது. நண்டு, இறால் முதலியவற்றின் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசான் என்னும் பொருளை முதலில் முயன்றார். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகாரையும் முயன்றார். நிறைவில் செம்பாசியே பொருத்தமானதாக அமைந்தது.

அகார் நமக்கும் அயலான பொருளன்று. மன்னார் வளைகுடாவை ஒட்டிய இராமநாதபுரம் மாவட்டக் கடலோரச் சிற்றூர்களில் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகார் தரும் செம்பாசி வகைகளே. வெந்நீரில் கரைந்து, ஆறியபின் கூழ்போல் உறைவது அகாரின் இயல்பு. உறைந்த கூழை மெல்லிய பரப்பாக உலர்த்தினால் படலம் கிடைக்கும். ஆனால் அகாரை மட்டும் உலர்த்தினால் படலம் நொறுங்கும் தன்மையுடையதாகிவிடுகிறது. வளைய வேண்டும், நொறுங்கக் கூடாது; கிழியாமல் இருக்க வேண்டும், அழியாமலும் இருக்கக் கூடாது. ஒன்றோடொன்று முரணும் இத்தேவைகளைச் சமன் செய்வதுதான் அவர் முன் நின்ற பணி.

இதற்காக அவர் செய்த சோதனைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பகுதி நடந்த இடம் உயரிய ஆய்வகம் அன்று. மாணவர் தங்கும் விடுதியின் சமையலறை அடுப்பு. நூறு சோதனை என்னும்போது, நூறு முறை ஏதோ கலந்து பார்த்தார் என்று எண்ணிவிடக் கூடாது. இத்தகைய பணியில் ஒருமுறை கலவையின் அளவை மாற்றினால் வெப்பத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தை மாற்றினால் உலரும் காலத்தை மாற்றக் கூடாது. இரண்டை ஒரே வேளையில் மாற்றிவிட்டால், கிடைத்த நன்மைக்கோ தீமைக்கோ எது காரணம் என்று அறிய இயலாது. ஒவ்வொரு தகடும் உலர்ந்து முடியும்வரை விளைவு தெரியாது. உலர்ந்தபின் அது சுருண்டிருக்கும், அல்லது வெடித்திருக்கும், அல்லது தட்டோடு ஒட்டிக்கொண்டு உரிய மறுக்கும். அடுத்த நாள் மீண்டும் தொடங்க வேண்டும். இவ்விருதை நிறுவிய ஜேம்ஸ் டைசன் தம் பையில்லாத் தூசி உறிஞ்சியைச் செப்பம் செய்ய 5127 முன்மாதிரிகளை ஆக்கியவர் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

முடிவில் கிடைத்தது ஒளி ஊடுருவும் நெகிழ்வான தகடு. உறைகளுக்குப் பயன்படும் தாழ் அடர்த்திப் பாலிஎத்திலீனோடு ஒப்பிட்டபோது, அதே தடிமனில் இழுவிசையைக் கூடுதலாகத் தாங்கியது. இழுவிசைச் சோதனை என்பது ஒரு பட்டையின் இரு முனைகளையும் பற்றி, அறுபடும்வரை இழுத்து, எவ்வளவு விசையில் அறுந்தது என்று அளப்பதாகும். வீட்டுத் தோட்டத்தின் மக்குக்குழியில் இட்டால் அத்தகடு நான்கு முதல் ஆறு வாரங்களில் மக்கிவிடும். நச்சுப்பொருள் எதனையும் மண்ணில் விடாது. ஓர் அட்லாண்டிக் காட் மீனிலிருந்து கிடைக்கும் கழிவைக் கொண்டு 1400 பைகள் வரை செய்யலாம் என்று கணக்கிடப்பட்டது.

அடித்தல் திருத்தலோடு ஒரு குறிப்பேடு

நூறு சோதனைகளையும் ஒருவர் நினைவில் வைத்திருக்க முடியாது. எனவே இறுதியாண்டுத் திட்டப்பணியில் பொருளுக்கு இணையாக, சில வேளைகளில் பொருளைவிட மேலாக, மதிக்கப்படுவது பணிக்குறிப்பேடு. நம் பள்ளிகளில் செய்முறைப் பதிவேடு ஒன்று உண்டு. சோதனை முடிந்தபின், மை சிந்தாமல், அழகிய கையெழுத்தில், படங்களுக்கு வண்ணம் தீட்டி, சரியான விடைகளை மட்டும் எழுதி அதனைச் சமர்ப்பிக்கிறோம். வடிவமைப்பு மாணவரின் குறிப்பேடு இதற்கு முற்றிலும் மாறானது. சோதனை நடக்கும்போதே எழுதப்படுவது அது. கறை இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்கும், கைவிடப்பட்ட ஓவியங்கள் இருக்கும், உடைந்த மாதிரியின் ஒளிப்படம் ஒட்டப்பட்டிருக்கும். அதன் அருகில், "கைப்பிடி இங்கே முறிந்தது, சுவரின் தடிமன் போதவில்லை, அடுத்த முறை மூலையை வளைக்க வேண்டும்" என்பது போன்ற குறிப்பும் இருக்கும்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் பெரிதும் புரட்டிப் பார்ப்பது இக்குறிப்பேட்டைத்தான். "ஏன் இந்த வளைவு? ஏன் மரத்தை விட்டு அலுமினியத்திற்கு வந்தீர்கள்? மூன்றாம் மாதிரி நன்றாகத்தானே இருக்கிறது, அதனை ஏன் கைவிட்டீர்கள்?" என்று கேட்பார். அழகாகத் தோன்றியது என்னும் விடை அங்கே செல்லாது. பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்தேன், அவர்களுள் இடக்கைப் பழக்கமுடையோரால் அதனைத் திறக்க இயலவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சான்றும் காட்ட வேண்டும். குறிப்பேடு இல்லாத மாணவர், எவ்வளவு எழிலான பொருளை மேசைமேல் வைத்தாலும், அது தம் சிந்தனையில் விளைந்தது என்பதை நிறுவ இயலாமல் நிற்பார். கடையில் விலைக்கு வாங்கிய மாதிரியைத் தம்முடையது என்று காட்டும் வழக்கம் இங்கே எடுபடாமல் போவதும் இதனால்தான்.

கணினித்திரையும் கைவிரலும்

பணியின் படிநிலைகள் பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் வேறுபடினும் பொதுப்போக்கு ஒன்றே: சிக்கலை அறிதல், பயன்படுத்துவோரைக் காணல், பல கருத்துகளை வரைதல், மாதிரிகள் செய்தல், ஒன்றைத் தேர்தல், அதனைச் செப்பம் செய்து சோதித்தல், அறிக்கை எழுதுதல், கண்காட்சியில் வைத்தல். இவற்றைக் காட்டிலும், மாணவர் எங்கே சிக்கிக்கொள்கின்றனர் என்பதை அறிவதே பயன் தரும்.

சிலர் படிப்பதிலேயே நின்றுவிடுகின்றனர். இன்னும் ஒரு கட்டுரை, இன்னும் ஒரு நேர்காணல் என்று மாதங்கள் கடக்கின்றன. ஆய்வு செய்வது பாதுகாப்பானது. அதில் எதுவும் உடைவதில்லை. வேறு சிலர் முதல் வாரத்திலேயே கணினி முன் அமர்ந்து முப்பரிமாணப் படம் வரையத் தொடங்கிவிடுகின்றனர். திரையில் எல்லாப் பொருளும் பளபளப்பாகவே தோன்றும். அதற்கு எடை கிடையாது. அதனைத் தூக்க எந்தக் கையும் வலிப்பதில்லை. இரண்டாம் வாரத்தில் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிச் செய்த ஒரு கரட்டு மாதிரி, திரையில் மூன்று மாதம் வரைந்த படம் சொல்லாததைச் சொல்லிவிடும். பிடி தடித்திருப்பதும், கலம் சாய்வதும், பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டாததும் கையில் எடுத்த கணமே தெரிந்துவிடுகின்றன. அட்டை, களிமண், நுரைப்பலகை ஆகியவை மலிவானவை. ஆதலால் அவற்றைக் கைவிட மனம் தயங்குவதில்லை. பெரும்பொருள் செலவிட்டு அச்சிட்ட மாதிரியில் குறை தெரிந்தால், அதனை ஒப்புக்கொள்ளவே மாணவர் அஞ்சுகிறார்.

யாருடைய கை என்பதும் எண்ணத்தக்கது. மாணவர் தம் கைக்குப் பொருந்துவதையே உலகத்தார் கைக்கும் பொருந்துவதாகக் கருதிவிடுவது உண்டு. சராசரி மனிதருக்காகச் செய்தால் போதும் என்பாரும் உளர். எல்லா அளவுகளிலும் சராசரியாக இருக்கும் மனிதர் எவரும் இலர். எனவே உடலளவுகளை வரிசைப்படுத்தி, மிகச் சிறிய ஐந்து விழுக்காட்டினரையும் மிகப் பெரிய ஐந்து விழுக்காட்டினரையும் எல்லையாகக் கொண்டு, இடைப்பட்ட தொண்ணூறு விழுக்காட்டினருக்குப் பொருந்துமாறு வடிவமைப்பது வழக்கம். வாயிலின் உயரத்தை நெடியோரைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். அலமாரியின் மேல்தட்டைக் குறியோரைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். எல்லைக்கு வெளியே நிற்கும் அந்தப் பத்து விழுக்காட்டினர் யார், அவர்களை விட்டுவிடுவது முறையா என்னும் வினாவையும் இன்றைய வடிவமைப்புத் துறை எழுப்பத் தொடங்கியுள்ளது. மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கின்றனர்.

இவற்றுக்கிடையே வழிகாட்டியின் பங்கு என்ன? அவர் விடை சொல்வதில்லை; சொல்லவும் கூடாது. வாரம் ஒருமுறை சந்தித்து, மாணவர் கேட்டுக்கொள்ளத் தவறிய வினாவைக் கேட்பார். ஒரு நாளில் அவர், "இனிப் புதிய கருத்து வேண்டா" என்பார். அந்த நாள் கடினமானது. அதன்பின்னும் மேலான எண்ணங்கள் தோன்றிக்கொண்டேயிருக்கும். அவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டு, தேர்ந்தெடுத்த ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். முடிக்கப்படாத சிறந்த பொருளை எவரும் கையில் எடுத்துச் சோதிக்க இயலாது.

தெரிந்து தெளிவோம்

வடிவமைப்பில் இளநிலைப் பட்டப்படிப்பை மேல்நிலைக் கல்வி முடித்தோர் அறிவியல், வணிகவியல், கலை ஆகிய எப்பிரிவில் பயின்றிருப்பினும் நாடலாம். தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனக்கெனத் தகுதித்தேர்வு ஒன்றை நடத்துகிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் சிலவற்றில் வடிவமைப்புப் பயில 'யூசீட்' என்னும் பொதுத்தேர்வு உண்டு. அதனை மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நடத்துகிறது. நினைவாற்றலைவிட உற்றுநோக்கும் திறனும், கண்டதை வரைந்து காட்டும் திறனும் இத்தேர்வுகளில் சோதிக்கப்படுகின்றன.

மூன்று முனைச் செருகி

மாணவரின் கற்பனைக்கு எல்லை உண்டா? உண்டு. தரவிதிகளே அவ்வெல்லை. வீடுகளில் பயன்படும் பிரித்தானிய மின்செருகி 1947இல் வெளியான தரவிதியின்படி அமைந்தது. மூன்று தடித்த முனைகள், அகன்ற உடல். மடிக்கணினிகள் தாள்கட்டுபோல் மெலிந்துவந்த காலத்திலும் அவற்றோடு எடுத்துச் செல்ல வேண்டிய செருகி மட்டும் பருமனாகவே இருந்தது. பையினுள் கிடந்து கணினியைக் கீறவும் செய்தது. இலண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பயின்ற கொரிய மாணவர் மின்-கியூ சோய் இதனை எடுத்துக்கொண்டார்.

செருகியைச் சிறியதாக்குவது எளிது என்று தோன்றலாம். ஆனால் முனைகளின் அளவையும் அவற்றின் இடைவெளியையும் மாற்றவே கூடாது. மாற்றினால் சுவரிலுள்ள துளையில் நுழையாது. விரல் மின்முனையில் படாதவாறு உடலின் விளிம்பும் அகன்றிருக்க வேண்டும். விதியை மீறாமல் விதிக்குள்ளேயே வழி கண்டார் சோய். முனைகளைச் சுழற்றி ஒரே கோட்டில் நிற்கச் செய்து, உடலின் இரு பக்கங்களையும் மடித்துவிட்டால், செருகி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுருங்கிவிடும். விரித்துத் திருப்பினால் பழைய உருவம். 2010ஆம் ஆண்டு பிரித்தானியாவின் 'ஆண்டின் சிறந்த வடிவமைப்பு' விருது அதற்குக் கிடைத்தது. கட்டடங்களும் ஊர்திகளும் போட்டியிட்ட களத்தில் ஒரு மின்செருகி வென்றது.

ஆயினும் கடையில் அது விற்பனைக்கு வந்தது 2012இல்தான். கல்லூரி மேசையில் செயற்படும் முன்மாதிரி ஒன்று. பல்லாயிரம் முறை மடித்து விரித்தாலும் தளராமல், தீப்பற்றாமல், பாதுகாப்புச் சோதனைகள் அனைத்திலும் தேறி, ஒரே தரத்தில் ஆலையிலிருந்து வெளிவரும் பொருள் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பல்கலைக்கழகத்தின் ஓராண்டு கணக்கில் கொள்வதில்லை.

கண்காட்சிக்குப் பின்னர்

ஆண்டிறுதிக் கண்காட்சியில் வைக்கப்படும் பொருள்களுள் மிகச் சிலவே சந்தையை அடைகின்றன. அடைந்தவையும் அங்கே நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆட்லரின் மருந்துக் குப்பி அதற்குச் சான்று. 2015இன் இறுதியில் டார்கெட் நிறுவனம் தன் மருந்தகங்களை மற்றொரு பெருநிறுவனத்திடம் விற்றுவிட்டது. வாங்கிய நிறுவனம் தனக்கு வழக்கமான உருளைக் குப்பிகளையே தொடர்ந்து பயன்படுத்தியது. பத்தாண்டுகளாக வண்ண வளையத்தைப் பார்த்து மருந்தெடுத்துப் பழகியவர்கள், பழைய குப்பியே வேண்டும் என்று முறையிட்டனர். குப்பியில் எக்குறையும் காணப்பட்டிலது. அருங்காட்சியகத்தில் இடம்பெற்ற அது, மருந்தகத்திலிருந்து அகன்றது. ஒரு வடிவம் வாழ்வதும் மறைவதும் அதன் தகுதியால் மட்டும் முடிவாவதில்லை. வணிகக் கணக்கும் அதனை முடிவு செய்கிறது. இதனைத் திட்டப்பணி அறிக்கைகள் அரிதாகவே எழுதுகின்றன. உற்பத்திச் செலவு, யார் வாங்குவார், யார் பழுது நீக்குவார் என்பன பற்றி மாணவர் ஓர் இயலாவது எழுத வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் இன்று எதிர்பார்ப்பது இக்குறையைப் போக்கத்தான்.

மரினாடெக்ஸ் எதிர்கொண்டதும் அளவு பற்றிய வினாவே. விருதோடு கிடைத்த 30,000 பவுண்டு, உற்பத்தி அளவை உயர்த்துவதற்கான மேலாய்வுக்கு உதவும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. விடுதி அடுப்பில் ஒரு தட்டில் ஊற்றி உலர்த்திய தகடு உள்ளங்கை அகலமே இருக்கக்கூடும். கடைக்குரிய பை செய்ய, சுருளாக இடைவிடாது வெளிவரும் படலம் வேண்டும். அதன் தடிமன் தொடக்கம் முதல் இறுதிவரை மாறாதிருக்க வேண்டும். ஒரு நாள் வரும் மீன்தோல் மறுநாள் வருவதைப் போல் இராது. பருவத்திற்கும் மீன் வகைக்கும் ஏற்ப அதன் இயல்பு மாறும். மழைநாளில் உலரும் நேரமும் வெயில்நாளில் உலரும் நேரமும் ஒன்றல்ல. இவற்றுக்கெல்லாம் விடை காணப் பொறியாளர், வேதியியலார், மீன் வணிகர், ஆலைத் தொழிலாளர் எனப் பலரும் கைகோக்க வேண்டியிருக்கிறது. தனியொருவர் ஓராண்டில் தொடங்கிய பணி, செம்பைப் போலவே, பலர் கைக்கு மாறுவது அங்கிருந்துதான்.